சுற்றுகிறது, பிடிக்கவில்லை

போன சனிக்கிழமை பசியாறிவிட்டு ஏழரை மணிக்கெல்லாம் நானும் அக்கா மகனும் படகுத்துறைக்கு வந்துவிட்டோம். ஊத்தான் மெலிந்தாங்கில் அந்த நேரத்தில் பெர்ணம் ஆறு பால் ஊற்றிய தேத்தண்ணீர் நிறத்தில் நிரம்பிக் கிடக்கும். இந்தக் கரை பேராக், அந்தக் கரை சிலாங்கூர். தண்ணீர் வற்றுவதற்குள் தூண்டில் போட்டால் நாலு ஊடாங் காலா, அதாவது பெரிய ஆற்று இறாலாவது மாட்டும் என்று கணக்கு. சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"மாமா, போன வாரமும் இப்படித்தான். சுத்துது, பிடிக்க மாட்டேங்குது" என்றான் அவன்.

போன வாரமே டவுனில் ஒரு கடைக்கு போன் போட்டிருக்கிறான். படகைக் கண்ணால்கூடப் பார்க்காமல், "சிடிஐ போயிருக்கும், 600 வெள்ளி ஆகும்" என்றார்களாம். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின் பெட்டிதான் சிடிஐ. மாமா பார்க்கட்டும் என்று என்னிடம் வந்திருக்கிறான். அந்த நம்பிக்கைக்கு நான் அன்றைக்குப் பாதி நாள்தான் தகுதியாக இருந்தேன்.

நான் 31 வருடம் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். டிராக்டர், லோரி, லயத்துக்கு விளக்கு கொடுத்த ஜெனரேட்டர், எல்லாமே டீசல். டீசல் இன்ஜினில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால் டீசல்காரன் கை முதலில் போவது எண்ணெய்க் குழாய்க்குத்தான். டாங்கி காலியாகி நின்ற டிராக்டருக்கு, பில்டர் மேலிருக்கும் திருகாணியைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை போய் டீசல் மட்டும் வழியும்வரை விட்டு முறுக்கினால் போதும், உறுமிக்கொண்டு கிளம்பும். தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன்.

படகு இன்ஜினிடமும் அப்படியே போனேன். 40 குதிரை, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். டாங்கி மூடியில் காற்றுத் திருகாணி திறந்திருக்கிறதா? திறந்திருந்தது. குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை, அம்புக்குறி மேலே பார்க்கப் பிடித்து அமுக்கினேன். நாலைந்து அமுக்கில் கல்லாக இறுகியது. பந்து இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, பெரும்பாலும் இன்ஜினில் மாட்டும் தலைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்தான் காரணம். இங்கே அந்த வம்பு இல்லை. கார்புரேட்டரின் அடித் திருகாணியைக் கழற்றிப் பெட்ரோலை ஒரு போத்தலில் பிடித்து வெயிலில் நிறுத்தினேன். தண்ணீர் கலந்திருந்தால் கனம் அதிகம், அடியில் தனியாகத் தங்கிவிடும். அடியில் ஒன்றும் தங்கவில்லை. கலவை என்ன என்று கேட்டேன். 25 லிட்டருக்கு அரை லிட்டர் டூ-டி எண்ணெய் என்றான், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருக்க இருக்க எனக்குக் கோபம்தான் வந்தது. இடையிடையே சாவியைத் திருகித் திருகி பேட்டரியையும் இளைக்க வைத்தேன். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றாதே, ஸ்டார்ட்டர் சூடாகிக் கருகும் என்று அவனுக்குப் புத்தி சொன்னவன் நான்தான்.

ஒன்றரை மணி நேரம் போன பிறகுதான் பிளக்கைக் கழற்றினேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். இரண்டு பிளக்கின் முனையும் பெட்ரோலில் குளித்து, மூக்கில் ஏறுகிற வாடையோடு வந்தன. காய்ந்து வந்திருந்தால் எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நனைந்து வந்தால் எண்ணெய் போயிருக்கிறது, பற்றவைக்க ஆள் இல்லை. நான் அதுவரை கழுவித் துடைத்த குழாயும் கார்புரேட்டரும் குற்றமே செய்யாதவை.

பிளக்கைத் துடைத்து, வயரில் மாட்டி, அதன் மரையை இன்ஜின் இரும்பில் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அதற்கு முன் சிலிண்டர் ஓட்டைகளைத் துணியால் அடைத்து, சிந்திய பெட்ரோலையும் துடைத்துவிட்டோம். வாடை இருக்கும் இடத்தில் பொறி விளையாட்டு ஆகாது. கையுறை போட்டுத்தான் பிடித்தான். சுற்றினேன். பொறி இல்லை. அடுத்த சிலிண்டர். அங்கேயும் இல்லை.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். ஒன்றில் பொறி இருந்து மற்றொன்றில் இல்லையென்றால் பிளக், வயர், காயில் (மின்சுருள்) என்று தேடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. சிடிஐயாகவும் இருக்கலாம், அந்தக் கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்சும் பொதுவானதுதான், அதைச் சோதிக்க ஒரு காசு செலவில்லை. அந்த சுவிட்ச் செய்யும் வேலை, சிடிஐயிலிருந்து வரும் ஒரு வயரை எர்த் பண்ணுவது. எர்த் ஆனால் பொறி செத்துவிடும்; ஸ்டார்ட்டர் மட்டும் பாட்டுக்குச் சுற்றும். எங்கள் இன்ஜினில் அது வெள்ளை வயர். இணைப்பைப் பிரித்துவிட்டுச் சுற்றினேன். டக், டக் என்று நீலப் பொறி.

"மாமா!" என்று கத்தினான், தண்ணீரில் பொறியையே பிடித்துவிட்டவன் மாதிரி.

பிறகு சுவிட்சைக் குனிந்து பார்த்தேன். பட்டனை வெளியே இழுத்துப் பிடித்திருக்க ஒரு கிளிப் இருக்க வேண்டும், அதிலிருந்து வரும் சிவப்புக் கயிறு ஓட்டுபவர் கையில் இருக்க வேண்டும். எங்களுடையது எப்போதோ ஆற்றில் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பட்டனுக்கு அடியில் சப்பாத்து ரப்பரில் வெட்டிய ஒரு துண்டு செருகப்பட்டிருந்தது. வெயிலும் எண்ணெயும் பட்டு அது பஞ்சுபோல் நைந்து, பட்டன் பாதி உள்ளே இறங்கியிருந்தது. விரல் நகத்தால் பட்டனை இழுத்துப் பிடித்தேன், பொறி வந்தது. விட்டேன், போனது.

"இது யார் செருகி வச்சது?" என்றான்.

நீல வாரும் வெள்ளை அடியுமான என் பழைய ஜப்பான் சப்பாத்து. மூன்று வருடத்துக்கு முன், தற்காலிகமாக இருக்கட்டும் என்று நானே கத்தியால் வெட்டியது. பதில் சொல்லாமல் ஸ்பேனரைத் தேடினேன்.

வெள்ளை வயரைப் பிரித்தபடியே ஆற்றுக்குப் போய்விடலாம் என்றான். ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப் போனால் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. ஆள் தண்ணீரில் விழுந்தால் படகு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். இந்த ஆற்றில் முதலையும் உண்டு. வயரை மாட்டிவிட்டு சீனன் கடைக்கு மோட்டாரில் ஓடி, கயிறோடு ஒரு கிளிப் வாங்கி வந்தான், 18 வெள்ளி. பிளக் இல்லாமலே கொஞ்சம் சுற்றி உள்ளே தேங்கிய பெட்ரோலைத் துப்பவைத்து, பிளக்கைக் காயவைத்து மாட்டி, சோக் இழுக்காமல் திருகினேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. துறை முழுக்க நீலப் புகை.

அப்போது மணி பதினொன்று. தண்ணீர் இறங்கி, துறையின் கம்பங்களில் சேறு தெரிய ஆரம்பித்திருந்தது. அரை மணி நேரம்தான் தூண்டில் போட்டோம். ஒரே ஒரு இறால், உள்ளங்கை நீளம். வீட்டில் கேட்டதற்கு, மீன் அகப்படாத நாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.