கட்டிலில் கிடந்த கடலோடி

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நாங்கள் வெளியே கிளம்பிய காலையில் தூறல் விடவில்லை. அங்கே படிக்கும் அக்கா மகன், "முதலில் கோட்டைக்குப் போகலாம் மாமா" என்றான். நான் ஒரு முகவரியை நீட்டினேன்: ஹெரியட் ரோ, 17ஆம் எண். புதையல் தீவைப் பள்ளிக்கூட நாட்களில் சுருக்கப் பதிப்பில் படித்துவிட்டு, ஒற்றைக்கால் கொள்ளையன் சில்வரை நினைத்துத் தூக்கம் கெட்டவன் நான். அதை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் வளர்ந்த வீடு அது.

சாம்பல் நிறக் கல் வீடுகளின் வரிசையில் அதுவும் ஒன்று. ஆட்கள் குடியிருக்கும் வீடு, உள்ளே போக முடியாது. எதிரே உள்ள தோட்டத்துக்கும் பூட்டு. சாவி அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களிடம்தான் இருக்குமாம். அங்குள்ள குளத்து நடுத்திட்டுதான் புதையல் தீவுக்கு வித்து என்று சொல்வார்கள். கம்பி வழியே எட்டிப் பார்த்தேன், புதர்தான் தெரிந்தது.

ஸ்டீவன்சன் பிறந்தது 1850இல். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வயது ஆறு. நெஞ்சுச்சளியும் இருமலுமாகக் குளிர்காலம் முழுவதும் படுக்கைதான். தூக்கம் வராத இரவுகளில் செவிலித்தாய் அலிசன் கன்னிங்ஹாம் அவனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே வருவாளாம். தோட்டத்துக்கு அப்பால் குயின் தெருவில் ஒன்றிரண்டு ஜன்னல்களில் வெளிச்சம் தெரியும். அங்கேயும் நோயாளிப் பிள்ளைகள் நம்மைப் போலவே விடியலுக்காகக் காத்திருப்பார்கள் என்று இருவரும் பேசிக்கொள்வார்களாம். அந்த வாசலில் நின்று குயின் தெருப் பக்கம் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் எல்லா ஜன்னலும் ஒன்றுபோல்தான் இருந்தன.

தெருவிளக்கு ஏற்ற வருபவனைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய குழந்தைப் பாடல் ஒன்று உண்டு. உடம்பு தேறியதும் நானும் உன்னோடு விளக்கேற்ற வருவேன் என்கிறான் சிறுவன். அப்பா வங்கிக்காரர் என்றும் சொல்கிறான். நிஜத்தில் அப்பா தாமஸ் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். தாத்தா, நடுக்கடல் பாறையில் பெல் ராக் கலங்கரை விளக்கத்தை எழுப்பியவர். வீடே விளக்குக்காரர்களின் வீடு! மகனோ 1871இல் அந்தத் தொழில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தந்தைக்கு அது பெரிய ஏமாற்றம்.

பத்து வருடம் கழித்து, 1881இல், பிரேமர் என்ற மலையூரில் குடும்பம் கோடையைக் கழித்தது. ஓயாத மழை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த 13 வயது வளர்ப்பு மகன் லாயிட் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்க, ஸ்டீவன்சனும் சேர்ந்துகொண்டு ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். அதிலிருந்து கதை பிறந்தது. அத்தியாயங்களை வாசிக்கக் கேட்ட தாமஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கதையில் வரும் பழைய கடலோடி பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பழைய உறை ஒன்றின் பின்புறத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்தார். மகன் அதை அப்படியே பயன்படுத்தினார். கொள்ளையன் ஃபிளின்டின் கப்பலுக்கு 'வால்ரஸ்' என்று பெயர் வைக்கச் சொன்னதும் தாமஸ்தான். எனக்குக் கதையைவிட இந்தக் கதை பிடிக்கும்.

மதியம் எழுத்தாளர் அருங்காட்சியகம். 1622இல் கட்டிய வீடு, கட்டணம் இல்லை. படிகள் ஒரே உயரத்தில் இல்லாததால் நான் ஒருமுறை தடுமாறினேன். ஸ்டீவன்சனின் சிறுவயதுப் படுக்கையறையில் நின்ற அலமாரியை இங்கே வைத்திருக்கிறார்கள். செய்தவர் வில்லியம் பிராடி: பகலில் மரவேலைக்காரர், நகரமன்ற உறுப்பினர், இரவில் திருடர். 1788இல் தூக்கிலிட்டார்கள். ஒரே ஆளுக்குள் நல்லவனும் கெட்டவனும் இருக்கும் ஸ்டீவன்சனின் ஜெகில், ஹைட் கதைக்கு விதை அவர்தான் என்பார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் அறையில் இப்படி ஒரு அலமாரியா?

அங்கிருந்து சில நிமிட நடையில் புனித கைல்ஸ் தேவாலயம். சுவரில் சிற்பி செயின்ட் காடன்ஸ் செய்த பெரிய வெண்கலப் புடைப்புச் சிற்பம். போர்வையைக் கால்மேல் போட்டுச் சாய்ந்திருக்கிறார் ஸ்டீவன்சன்.

"இங்கேயும் படுத்துதானா மாமா?" என்றான் பையன்.

முதலில் செய்த சிற்பத்தில் கட்டிலில் கிடந்தபடி கையில் சிகரெட் வைத்திருந்தார். தேவாலயத்துக்கு வந்தபோது கட்டில் சாய்விருக்கை ஆனது, சிகரெட் இறகுப் பேனா ஆனது. அந்தப் பேனாவை விரல்களுக்கிடையே பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அவர் எழுதப்போவதாகத் தெரியவில்லை.

வெளியே வந்தோம். தூறல் நிற்கவில்லை. கோட்டையை மூடியிருந்தார்கள்.