எஸ்றாவின் பட்டியலோடு எருசலேமுக்கு

2019 பிப்ரவரியில் எங்கள் சேகரத்திலிருந்து (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளிலிருந்து) ஒரு குழுவாக எருசலேம் யாத்திரை போனோம். அதற்கு முந்தைய மாதங்களில், புதன்கிழமை வேதபாட வகுப்பில் சேகர ஐயா சுவிசேஷத்தில் ஒன்றை எடுப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடல் எல்லாம் பார்க்கப் போகிறோமே! அவர் எடுத்தது பழைய ஏற்பாட்டில் வரும் எஸ்றாவும் நெகேமியாவும்.

எஸ்றா இரண்டாம் அதிகாரம் முழுக்க, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பெயர்கள். பாரோஷின் புத்திரர் இத்தனை பேர், செபத்தியாவின் புத்திரர் இத்தனை பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். பெண்கள் ஐக்கியச் செயலாளராக இருக்கும் அக்கா கேட்டேவிட்டார்: "ஐயா, இந்தப் பேர் எல்லாத்தையுமா வாசிக்கணும்?"

"வாசிக்கணும்மா. நம்ம சபைப் பட்டியல்ல உங்க வீட்டுப் பேரை மட்டும் விட்டுட்டு வாசிச்சா விட்டுருவீங்களா?"

அப்புறம் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு ஒருவராக எழுந்து, திக்கித் திக்கி வாசித்து முடித்தோம். 42,360 பேர். அவர்களோடு 7,337 வேலைக்காரர், 200 பாடகர். குதிரை, ஒட்டகம், கழுதைக்குக்கூடத் தனித்தனிக் கணக்கு உண்டு. அதில் முப்பத்து மூன்றாம் வசனத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார் ஐயா: "லோத், ஆதீத், ஓனோ" ஊர்க்காரர்கள் 725 பேர். "நாம இறங்கப் போற ஏர்போர்ட் அந்த லோத் ஊருக்குப் பக்கத்துலதான்" என்றார்.

கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கி.மு. 586இல் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேம் ஆலயத்தை எரித்து ஜனங்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனது. கி.மு. 539இல் பெர்சிய ராஜாவான கோரேஸ் பாபிலோனைப் பிடித்தார். அடுத்த ஆண்டே, விருப்பமுள்ளவர்கள் திரும்பிப் போய் ஆலயத்தைக் கட்டலாம் என்று கட்டளை பிறந்தது. பாபிலோனில் 1879இல் தோண்டியெடுத்த கோரேசின் களிமண் உருளை இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதாவின் பெயர் அதில் இல்லை. ஆனாலும், பெயர்த்துக் கொண்டுவந்த தெய்வ உருவங்களை அவற்றின் கோயில்களுக்கும், அந்தந்த ஜனங்களை அவரவர் இருப்பிடங்களுக்கும் திருப்பி அனுப்பியதாக அதில் கோரேஸ் சொல்கிறார். எஸ்றா சொல்வதும் அதே கொள்கையைத்தான்.

வந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னைத் தொட்டது. ஏழாம் மாதத்தில் ஒருமித்துக் கூடினார்கள், பலிபீடத்தைக் கட்டினார்கள். ஆலயத்துக்கு அப்போது அஸ்திபாரம்கூடப் போடவில்லை. பிறகு அஸ்திபாரம் போட்ட நாளில், பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள்; வேறு அநேகர் சந்தோஷமாய் ஆர்ப்பரித்தார்கள்; எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை என்கிறது வேதம். எங்கள் ஊர் ஓட்டுக்கூரை ஆலயத்தை இடித்துவிட்டுப் புதிய ஆலயத்துக்குக் கல் நாட்டிய அன்றும் இப்படித்தான் இருந்தது. இளைஞர்கள் பட்டாசு வெடித்தார்கள். பனையேறிச் சேர்த்த பணத்தையும் கைப்பிடி அரிசி விற்ற காசையும் அந்தப் பழைய கட்டடத்தில் போட்டிருந்த பெரியம்மாமார், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். கி.மு. 515இல் கட்டி முடிந்த அந்த இரண்டாம் ஆலயத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த முகங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

எருசலேமில் தாவீதின் நகரம் என்று அழைக்கும் அகழாய்வுப் பகுதி பழைய மதிலுக்கு வெளியே, தெற்கில் இருக்கிறது. சுற்றிலும் சில்வான் பகுதியின் அரபு வீடுகள். மொட்டைமாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரும்புப் படிகளில் இறங்கிப் போனால் ஒரு பழைய மதிலின் துண்டு தெரிகிறது. அது, ஆலயம் முடிந்த பிறகு இடிந்த மதிலைத் திரும்பக் கட்ட வந்த நெகேமியாவின் மதிலின் பகுதி என்று தொல்லியலாளர் எய்லாட் மசார் 2007இல் அறிவித்தார். எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் எங்கள் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். எனக்கு அது குறையாகப் படவில்லை. நெகேமியா ராத்திரியில் யாருக்கும் சொல்லாமல் மிருகத்தின் மேல் ஏறி, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்த சரிவு இதுதான். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் போக வழியில்லாத அளவுக்கு இடிபாடு. இன்றும் அந்தச் சரிவில் கவனமாகக் கால் வைத்துத்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

அங்கே நின்று நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை வாசித்தோம். அதுவும் பட்டியல்தான்: எந்த வாசலை யார் கட்டினார், அவருக்கு அடுத்து யார், அதற்கடுத்து யார். ஆசாரியர்கள் கட்டுகிறார்கள். தட்டார் ஒருவர், தைலக்காரர் ஒருவர். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டுகிறார்கள். தெக்கோவா ஊரார் கட்டுகிறார்கள். ஆனால் அந்த ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார் நெகேமியா. பன்னிரண்டாம் வசனம் வந்தது: சல்லூமும் அவன் குமாரத்திகளும் பழுதுபார்த்துக் கட்டினார்கள். வாசித்துக்கொண்டிருந்த அக்கா நிறுத்தி, அந்த வசனத்தை இன்னொரு முறை சத்தமாக வாசித்தார். பெண்கள் பக்கமிருந்து "ஆமென்" என்று ஒரே குரல். இத்தனை வருடம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தக் குமாரத்திகளைப் பற்றி ஒருவரும் சொன்னதாக நினைவில்லை. 52 நாளில் அந்த மதில் முடிந்தது.

மதில் முடிந்தபின் தண்ணீர் வாசலுக்கு முன் வீதியில் எல்லாரும் கூடினார்கள். மரத்தால் செய்த பிரசங்கபீடத்தில் வேதபாரகரான எஸ்றா ஏறி நின்று காலையிலிருந்து நடுப்பகல்வரை வாசித்தார். லேவியர் அர்த்தம் சொன்னார்கள். ஜனங்கள் அழுதார்கள். அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிரசங்கபீடம், வாசிப்பு, வியாக்கியானம், ஆமென், கடைசியில் ஒரு சாப்பாடு. நம்முடைய ஞாயிறு ஆராதனையும் அசனப் பண்டிகையும் அந்த வீதியில் அப்படியே இருக்கின்றன. தேசத்துக்குத் திரும்பி வந்த ஜனம் ஒரு சபையாக ஆனது அன்றைக்குத்தான் என்று நான் நம்புகிறேன். சாமான்களை இறக்கி வைத்ததும் வீடு திரும்புதல் முடிந்துவிடவில்லை. முதல் கூட்டம் வந்து சேர்ந்ததற்கும் நெகேமியா வந்த கி.மு. 445க்கும் நடுவே 90 ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது.

இரண்டாம் ஆலய வளாகத்தில் எஞ்சி நிற்கும், யூதர்கள் ஜெபிக்கும் மேற்கு மதிலுக்கும் போனோம். அது ஏரோது காலத்துக் கல். 1948 முதல் 1967 வரை யூதர்களால் அங்கே வர முடியாதிருந்தது. பெண்கள் பகுதிக்குப் போய் வந்த என் மனைவி, பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி சின்னப் புத்தகத்தைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு சங்கீதம் சொல்லிக்கொண்டே இருந்ததைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயம். 1898இல் பிரதிஷ்டை செய்த ஆங்கிலிக்கன் ஆலயம். அரபு பேசும் சபையும் ஆங்கிலம் பேசும் சபையும் அந்த ஒரே ஆலயத்தில் கூடுகின்றன. திருவிருந்து ஒழுங்கு நமக்குப் பழகியதுதான் என்பதால், அரபு புரியாவிட்டாலும் எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது என்பதில் எங்களில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் எங்களோடு பேசினார். அவர் குடும்பத்தின் ஊர் லித்தா. பேதுரு போய், எட்டு வருஷம் கட்டிலில் கிடந்த ஐனேயாவை எழுப்பினாரே, அந்த லித்தா. அது வேறு ஊர் இல்லை. எஸ்றாவின் பட்டியலில் வருகிற அதே லோத்.

1948 ஜூலையில் போர் நடந்துகொண்டிருந்தபோது, லித்தாவிலிருந்தும் பக்கத்து ராம்லேயிலிருந்தும் 50,000-க்கும் மேற்பட்ட அரபு மக்களை இஸ்ரேல் படையினர் வெளியேற்றினார்கள். கடும் வெயிலில் கிழக்கே நடந்தார்கள். வழியில் தாகத்தால் செத்தவர்கள் உண்டு. அவர் அப்போது சின்னப் பையன். அப்பாவின் தோளில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றார். எந்தக் கோபமும் காட்டாமல் சொன்னார். "அங்கே போனால் எங்கள் கோயிலுக்குள் போய் ஒரு ஜெபம் செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

இதை எழுத எனக்குக் கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கிறது. நம்முடைய கன்வென்ஷன் கூட்டங்களில் இஸ்ரேல் நாடு உருவான 1948 என்றால் தீர்க்கதரிசன நிறைவேறுதல் என்று சொல்லி அல்லேலூயா போட்டு முடித்துவிடுகிறோம். யூத ஜனம் திரும்பி வந்ததில் தேவனுடைய கரத்தை நானும் காண்கிறேன்; அந்த விசுவாசத்தை எங்கேயும் சொல்வேன். ஆனால் அதே தேவன் அந்தத் தகப்பனின் தோளில் இருந்த பையனையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஜனத்தின் வருகைக்காக ஸ்தோத்திரம் சொல்லுகிற வாயால் மற்ற ஜனத்தின் கண்ணீரையும் சபையில் சொல்லியாக வேண்டும். 1799இல் முதலூர் ஏன் உண்டானது என்பது திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். விசுவாசத்துக்காக விரட்டப்பட்டவர்கள் கூடி வாழ ஒரு நிலம் வேண்டும் என்றுதான் அந்த ஊரையே உண்டாக்கினார்கள். வீடு போனவனின் வலி நம் முன்னோர் அறிந்த வலி.

கடைசி நாள் 'ஓர் யெகூதா'வுக்குப் போனோம். டெல் அவீவ் பக்கம், விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஊர். பாபிலோனிய யூதர்களுக்கான அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கோரேஸ் அனுமதி கொடுத்தபோது எல்லாரும் புறப்பட்டுவிடவில்லை. பெரும்பகுதி அங்கேயே, இன்றைய ஈராக்கில், தங்கிவிட்டது. யூதரின் சட்ட விளக்க நூலான பாபிலோனியத் தல்மூத் உருவானது அந்தச் சமுதாயத்தில்தான். பாக்தாத்திலிருந்து வியாபாரத்துக்குப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தவர்களும் அவர்கள்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள், 1941இல் பாக்தாத்தில் நடந்த படுகொலைக்கும் 1948க்குப் பிந்தைய நெருக்கடிக்கும் பிறகு அங்கே இருக்க முடியாமல் போனார்கள். 1950, 51 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,20,000 பேர் விமானங்களில் வந்து சேர்ந்தார்கள். குடியுரிமையைத் துறந்தால்தான் வெளியேறலாம் என்பது ஈராக்கின் சட்டம். 1951இல் அவர்கள் சொத்துகளையும் முடக்கிவிட்டார்கள். அந்த விமான நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'எஸ்றா, நெகேமியா'. வந்திறங்கிய இடம் லோத்.

ஐயா எங்களை வீட்டுக்கு ஒருவராக எழுப்பி வாசிக்க வைத்ததன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

பாக்தாத்தின் யூதத் தெரு ஒன்றை உள்ளே அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். குறுகிய சந்து, மேலே மரப்பலகை வைத்த மாடி ஜன்னல்கள், இரண்டு பக்கமும் துணிக்கடை, தட்டார் பட்டறை, மசாலாக் கடை. அங்கே உதவிக்கு இருந்த அம்மா பாக்தாத்தில் பிறந்தவர். சிறுமியாக விமானத்தில் வந்தாராம். இறங்கியதும் எல்லார் மேலும் டிடிடி என்ற பூச்சிமருந்துத் தூளை அடித்தார்கள். பாக்தாத்தில் நல்ல கடை வைத்திருந்த அவருடைய அப்பா அன்றைக்குத் தலைகுனிந்து நின்றதை இன்னும் மறக்கவில்லை என்றார். பிறகு கூடார முகாம், மழையில் சேறு, ரேஷன். "முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்தீர்கள்?" என்று ஐயா கேட்டார். பக்கத்துக் கூடாரங்களில் போய்ப் பத்து ஆண்களைத் திரட்டியதாகச் சொன்னார். பத்துப் பேர் சேர்ந்தால்தான் சபை ஜெபம். பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, அம்மா விளக்கு ஏற்றினாராம். ஐயா எங்கள் பக்கம் திரும்பி, "பலிபீடத்தைத்தான் முதல்ல கட்டினாங்க, பாத்தீங்களா" என்றார்.

விமானத்துக்கு நேரம் இருந்தது. ஓட்டுநரிடம் சொல்லி லோத் ஊருக்குள் போனோம். பரிசுத்த ஜார்ஜின் கல்லறை என்று பாரம்பரியம் சொல்லும் இடத்தின் மேல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயம். அதை ஒட்டியே மசூதி. படியிறங்கிக் கல்லறை அறைக்குப் போனோம். அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்தை அக்கா வாசித்தார். ஐயா ஜெபித்தார்: எஸ்றாவில் எழுதப்பட்ட 725 பேரை நினைத்து ஸ்தோத்திரம், 1948இல் இந்த ஊரை விட்டு நடந்த குடும்பங்களுக்காக, பேராலயத்துப் பெரியவருக்காக, 1951இல் இங்கே வந்திறங்கிய அந்த அம்மாவுக்காக, இப்போது இந்தத் தெருக்களில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் யூதருக்காகவும் அரபியருக்காகவும். ஜெபம் முடிந்து ஒரு கீர்த்தனை பாடினோம். சாவி வைத்திருந்தவர் மேலேயிருந்து இறங்கி வந்து, இன்னொன்று பாடச் சொல்லிக் கேட்டார். பாடினோம்.