ஒரே பஸ், இரண்டு நோய்க்கும் மருந்து

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது என்று திருகோணமலையில் ஓபிடிக்குப் போனபோது இதயம் என்றுதான் நினைத்தேன். இசிஜி, தைரொயிட் இரத்தப் பரிசோதனை இரண்டும் சரியாக இருந்தன. டொக்டர் மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டிவிட்டார். அதோடுதான் கிளினிக் கொப்பி போடப் போனேன். இரண்டுக்கும் சண்டை எதுவும் வரவில்லை.

"தம்பி, எது முதலில் வந்தது, பயமா, சோர்வா?" என்று அங்கே கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் பயம்தான். முதலில் கொழும்பு பஸ்ஸில் போவதை விட்டேன். அப்புறம் சந்தை, கல்யாண வீடு, கடைசியில் டச்பே கடற்கரைக்கு மாலையில் போவதும் நின்றது. பயத்துக்குத் தப்ப ஒவ்வொன்றாக விட, சந்தோஷப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சோர்வு வந்து குந்தியது. "என்ன நடக்குமோ" என்று முழித்திருந்தவன், "என்ன நடந்தால் என்ன" என்று கட்டிலிலேயே கிடந்தேன்.

பதட்ட நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணமாம். இரண்டுக்கும் குளிசையும் ஒன்றுதான்: செர்ட்ராலின். தொடக்க நாட்களில் பதட்டம் கொஞ்சம் கூடலாம், பலன் தெரிய சில வாரமாகும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லியிராவிட்டால் முதல் கிழமையே வீசியிருப்பேன், அவ்வளவு அந்தரம்.

உளவளத்துணையாளர் தந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. மனம் வந்தாலும் வராவிட்டாலும் உப்புவெளி வரை பஸ்ஸில் போய்வர வேண்டும். படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது, அது தானாகத் தணியும்வரை இருக்க வேண்டும். பழகியதும் இன்னும் தூரமாக நிலாவெளி, பிறகு கந்தளாய். ஒரே பயணம் பயத்தையும் பழக்கியது, கட்டிலிலிருந்தும் கிளப்பியது. மனம் வந்தபிறகு போகலாம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் போயிருக்க மாட்டேன். எனக்குச் சோர்வுதான் முதலில் விலகியது, பதட்டம் மெதுவாகத்தான் இறங்கியது.

கொழும்பு பஸ் இன்னும் பாக்கி. சுகமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது குளிசை தொடர வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறார் டொக்டர். கிளினிக் வரை போக முடியாதவர்கள், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள் 1926க்கு அழைக்கலாம். இலங்கை அரசின் மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.