0.10-லிருந்து 0.05-க்கு: குவாட்ரன்னர் ஹெட்டும் கேம் சாஃப்ட்டும்

மூன்று வாரமாகத் தூங்கவிடாமல் படுத்திய கேம் சாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) நேற்று ராத்திரி வழிக்கு வந்தது. பச்சை பிளாஸ்டிகேஜ் (நடுவில் வைத்து நசுக்கி இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிக் நூல்), கேம் உட்கார்ந்து சுழலும் இரண்டு ஜர்னலிலும் 0.05 மி.மீ. இடைவெளி காட்டியது. சுசுகி சொல்லும் அளவு 0.032 முதல் 0.066 வரை, அதற்கு நட்டநடுவில். ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பி அந்தப் பச்சைக் கோட்டைக் காட்டினேன்.

வண்டி சுசுகியின் பழைய குவாட்ரன்னர் 250, நாலு சக்கர ஏ.டி.வி. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உர மூட்டை சுமந்து, கடைசியில் ஷெட்டில் கிடந்தது. வாங்கும்போதே கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பார்த்துவிட்டு, பிஸ்டன் போச்சு, எஞ்சினே போச்சு என்று பயமுறுத்தினார்கள். நாம் இருப்பது கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில், இங்கே காற்றழுத்தமே சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கேஜும் அதே கணக்கில்தான் குறைத்துக் காட்டும். அதைக் கழித்துப் பார்த்தால் பிஸ்டனில் பெரிய குறை இல்லை. வால்வு சீட்டில்தான் லேசான கசிவு. லேப்பிங் போட்டு (பேஸ்ட் தடவி வால்வை சீட்டில் உரசி), பெட்ரோல் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தக் கதை அவ்வளவுதான்.

கேம்தான் வேலை வைத்தது. இந்த எஞ்சினில் கேமுக்குத் தனி பேரிங் கிடையாது. கீழ்ப்பாதி ஹெட்டிலும் (சிலிண்டரின் தலைப்பகுதி) மேல்பாதி அதை மூடும் கவரிலும் அலுமினியத்திலேயே நேராக உட்கார்ந்து ஓடுகிறது. இரண்டையும் ஜோடியாக முடுக்கி வைத்துத்தான் துளை போட்டிருப்பார்கள். அதனால் நடுவில் பேப்பர் கேஸ்கெட் வரவே கூடாது, மெல்லிசாக லிக்விட் கேஸ்கெட் மட்டும். எனக்கு முன்னால் இதைத் திறந்த மெக்கானிக் பேப்பரை வெட்டி வைத்து, அதற்கு மேல் சிலிக்கானையும் அள்ளிப் பூசியிருந்தார். பிதுங்கிய சிலிக்கான் கேமுக்கு எண்ணெய் ஏறும் துளையில் புழு மாதிரி தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு அளந்தேன். டேப்பெட்டை (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூ) முழுக்கத் தளர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் கேமை மேலே தள்ளிக் கணக்கைக் கெடுக்கும். ஜர்னலில் எண்ணெய் துளிகூட இருக்கக்கூடாது. கவரை 10 நியூட்டன் மீட்டருக்கு குறுக்குக் குறுக்காக முடுக்கி, கேமை ஒரு இம்மியும் திருப்பாமல் திறக்க வேண்டும். பச்சை நூல் நசுங்கவே இல்லை. அது 0.076-க்கு மேல் அளக்காது என்பதால் சிவப்பை ஆன்லைனில் வரவழைத்தேன், வர எட்டு நாள். (குன்னூர், ஊட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பிளாஸ்டிகேஜ் என்றால் முழிக்கிறார்கள்.) சிவப்பு 0.10 காட்டியது. கடைசி வரம்பு 0.150, ஓட்டலாம்தான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

குளிரில் அளந்தால் தப்பாக வரும், மத்தியானம் வெயிலில் அள என்றார் ஒரு நண்பர். கணக்குப் போட்டேன்: 20 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி வித்தியாசத்துக்கு 0.005 மி.மீ. கூட விரியாது. அது காரணமில்லை. இன்னொருவர், கவர் முகத்தை, அதாவது ஹெட்டோடு ஒட்டும் பரப்பை, ஒரு சீவு சீவினால் இறுகிவிடும் என்றார். சரி, கேட்டுவிடலாம் என்று பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை கணபதியில் நாற்பது வருஷமாக லேத் ஓட்டும் பெரியவரிடம் ஹெட்டையும் கவரையும் கொண்டுபோனேன். மைக்ரோமீட்டரில் ஜர்னலைப் பார்த்தார், விரலால் துளையைத் தடவினார். "தம்பி, இதுல ஒண்ணும் தேயலீங்க. முகத்தச் சீவுனா ஓட்டை வட்டமா இருக்காதுங்க, முட்டையாயிரும். மொதல்ல முகத்தச் சுத்தமா தொடைங்க" என்றார். காசு வாங்கவில்லை. லேத் வேலை இருந்தால் அவரிடம்தான் இனி.

வீட்டுக்கு வந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஹெட்டையும் கவரையும் நேராகப் பொருத்தும் டவல் பின்னைச் சுற்றி, பிறை மாதிரி, ஹெட்டின் நிறத்திலேயே ஒரு பழைய பசைப் படலம், நகத்துக்குக்கூடத் தட்டுப்படாத அளவு மெல்லிசு. அதுதான் கவரை உட்காரவிடாமல் தூக்கியிருந்தது. பின்னைக் கழற்றினால் அடியிலும் அதே. உப்புத்தாள் கூடாது, கத்தி கூடவே கூடாது. தின்னரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு வைத்து, ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிச் சுரண்டினேன், இப்படியே நான்கு தடவை. பிறகு கண்ணாடிப் பலகையில் மார்க்கிங் ப்ளூ (முகம் சமமா என்று காட்டும் நீல மை) தடவி ஒற்றியெடுத்தேன், முகம் முழுக்க ஒரே சீராக நீலம் பிடித்தது. அப்புறம் அளந்ததுதான் அந்த 0.05.

அடுத்தது கேம் செயின் டென்ஷனர், அது முடிந்ததும் கார்புரேட்டரில் இந்த உயரத்துக்கு ஏற்ற சின்ன மெயின் ஜெட். பின் பிரேக்கையும் திறக்க வேண்டும், உர உப்பு உள்ளே என்ன செய்திருக்கிறதோ. ஆனால் ஹெட் கேஸ்கெட்டே இன்னும் வரவில்லை. அதுவரை கேமை எண்ணெய்த் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். இந்த மூடுபனியில் வெளியே வைத்தால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும்.