நாலாவது கூடு உருகவில்லை

மோதிரத்தில் கல் உட்காரும் வெள்ளிக் கூடுகளில் மூன்றை உருக்கித் தீர்த்த பிறகு, நேற்று ராத்திரி நாலாவது கூடு நின்றது. வட்டம் வட்டமாகவே இருக்கிறது. விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். கூட்டின் சுவரான பட்டைக்கும் அடித் தகட்டுக்கும் நடுவில் எங்கும் வெளிச்சம் கசியவில்லை. பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட முடியும்.

செய்துகொண்டிருப்பது மோதிரம். 10 மி.மீ. வட்டச் சந்திரகாந்தக் கல், 0.3 மி.மீ. சுத்த வெள்ளிப் பட்டையில் கூடு, அடியில் 0.8 மி.மீ. 925 தகடு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு). கல்லின் விட்டத்தோடு பட்டையின் கனத்தையும் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் 32.3 மி.மீ. வருகிறது. அரை மில்லி கூடுதலாக வெட்டி, அரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கல்லோடு பொருத்தினேன்.

முதல் கூடு போனதற்கு என் அவசரம்தான் காரணம். பட்டையின் இரண்டு நுனியும் சேரும் மூட்டில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. பொடி, அதாவது பற்றவைக்க உருக்கும் வெள்ளிக் கலவை, அதை நிரப்பிவிடும் என்று நினைத்துத் தீயை ஊதினேன். அது ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்துகொண்டது, நான் விடாமல் சூடேற்ற, பட்டையின் நுனி உருண்டு மணியாகிவிட்டது.

இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை. ஹார்டு, மீடியம், ஈஸி என்று மூன்று பொடித் தகடுகள் வாங்கினேன். ஹார்டு உருக அதிகச் சூடு வேண்டும், ஈஸிக்குக் குறைவு. முதல் மூட்டுக்கு ஹார்டு வைத்தால்தான் அடுத்ததைப் பற்றவைக்கும்போது அது திறக்காது. விற்றவர் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, ஒன்றிலும் குறி வைக்காமல் அனுப்பிவிட்டார். பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி. ஹார்டு என்று நினைத்து மூட்டில் வைத்தது ஈஸி போலிருக்கிறது, தகட்டோடு பற்றவைக்கும்போது மூட்டு மெதுவாக வாயைத் திறந்தது. அப்புறம் மூன்றிலும் ஒரு துணுக்கு வெட்டி, செம்புத் தகட்டில் வரிசையாக வைத்து அடியிலிருந்து சூடேற்றினேன். முதலில் ஓடியது ஈஸி, கடைசியில் ஓடியது ஹார்டு. இப்போது ஹார்டைச் சதுரமாகவும் மீடியத்தை முக்கோணமாகவும் ஈஸியைக் குச்சியாகவும் வெட்டி வைத்திருக்கிறேன். இனி யாரையும் நம்புவதாக இல்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது மூன்றாவதுதான். சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரியில் உருகும். 925 சுமார் 800-இலேயே இளகத் தொடங்கிவிடும். அப்படியானால் தகடுதானே முதலில் போக வேண்டும்? பட்டை தாங்கும் என்று தைரியமாகத் தீயைக் கூட்டின் மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினேன். கனத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் தப்பு. தகடு கரிக்கட்டி மேல் உட்கார்ந்திருந்ததால் அடிப்பக்கம் தீயே படவில்லை, வெள்ளியும் சூட்டை ஓரிடத்தில் நிற்கவிடாது. தகடு மங்கிக் கிடக்க, பட்டை மட்டும் சிவந்தது. பொடி எப்போதும் சூடு அதிகமுள்ள பக்கம்தான் ஓடும். அதனால் பட்டை மேல் ஏறிப் படர்ந்தது. ஒரு நொடி பட்டையின் மேல் விளிம்பு கண்ணாடி போல் மின்னியது, அடுத்த நொடி கூடு சரிந்துவிட்டது.

நாலாவதற்குக் கரிக்கட்டியை ஒதுக்கிவிட்டு, முக்காலி மேல் கம்பிவலை போட்டு அதில் தகட்டை வைத்தேன். தீ அடியிலிருந்து மட்டும். மீடியம் முக்கோணங்கள் ஆறை கூட்டின் உள்பக்கம், சுவரைத் தொட்டபடி. அறை விளக்கை அணைத்துவிட்டேன், இல்லாவிட்டால் மங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. பொடி ஓடுவதற்காகத் தடவியிருந்த வெங்காரம் பொரிந்து பொங்கியபோது இரண்டு முக்கோணங்கள் நகர்ந்துவிட்டன. ஊசி முனையால் தள்ளி மறுபடி சுவரோரம் சேர்த்தேன். வெங்காரம் அடங்கித் தண்ணீர் போலத் தெளிந்ததும் தீயை வலைக்கு அடியில் வட்டமாகக் கொண்டுபோனேன். கடைசியில் கூட்டின் வெளிப்பக்க அடியில் ஒரு வெள்ளிக் கோடு பளிச்சென்று ஓடிச் சுற்றி வந்தது. கோடு முடிந்ததும் தீயை எடுத்துவிட்டேன். மூன்றாவதில் இந்த இடத்தில்தான் "இன்னும் கொஞ்சம்" என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த சந்தோஷத்தில், பற்றவைத்த கறையை எடுக்கும் அமிலத்தில் இரும்புச் சாமணத்தோடு போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கூடு முழுக்க ரோஸ் நிறம். அமிலத்தில் கரைந்திருந்த செம்பு வெள்ளி மேல் ஏறிவிட்டது. புதிய அமிலத்தில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி வைத்ததும் போனது. தகட்டின் அடியில் ஊதா நிழல் மட்டும் இன்னும் இருக்கிறது. அது 925-இல் கலந்துள்ள செம்பு உள்ளேயே கருகியது. அமிலத்துக்கு அசையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஜெர்மேனியம் கலந்த வெள்ளியில் இந்தக் கறை வராது என்கிறார்கள், அடுத்த முறை ஒரு துண்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

வளையத்தை இன்னும் வளைக்கக்கூட இல்லை. ஆனால் மனசு அதற்குள் கீல் வைத்த சின்ன டப்பாவுக்குப் போய்விட்டது. கீலுக்குக் குழாய் வேண்டும், குழாயைத் தகட்டிலிருந்தே இழுக்கலாம், அதற்குக் கம்பி இழுக்கும் அச்சு வேண்டும். சரி, முதலில் வளையம். அதற்குக் குச்சியாக வெட்டிய ஈஸி பொடி. வளையத்தை ஒட்டும்போது கூடு திறந்துகொண்டால் ஐந்தாவதைப் பற்றி எழுதுகிறேன்.