தில்லிக் குளிரும் மதுரை விருந்தினரும்

பொங்கல் விடுமுறைக்கு மதுரையிலிருந்து அத்தையும் மாமாவும் வருவதாகச் சொன்னதும், மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டில் நான் முதலில் கவனித்தது கீசரைத்தான். ஜனவரி விடியற்காலைகளில் இங்கே வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அத்தையோ விடியுமுன் குளிப்பவர்.

எலக்ட்ரீஷியன் கீசரைக் கழற்றியபோது, உள்ளிருந்த காயிலின் மேல் முட்டை ஓட்டைப் போலச் சுண்ணாம்பு படிந்திருந்தது. கடினநீரைக் காய்ச்சக் காய்ச்சப் படியும் இந்த அடுக்கு, காயிலின் சூடு தண்ணீருக்குச் செல்வதைத் தடுப்பதால், ஒரு வாளி வெந்நீருக்கு அரைமணி நேரம் காத்திருந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. அதைச் சுரண்டிவிட்டு, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் கம்பி கரைந்து மெலிந்திருந்ததால் அதையும் மாற்றினார்.

அடுத்தது ஹீட்டர். 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதை மறந்து, சென்ற ஆண்டு அதைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, பிளாஸ்டிக் உருகிய வாடையில் விழித்தெழுந்தவன் நான். விருந்தினர் அறையில் இப்போது 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைத்தாகிவிட்டது. கரி அங்கீட்டியை, அதாவது குளிர்காயும் கணப்புச் சட்டியை மட்டும், யார் சொன்னாலும், மூடிய அறைக்குள் விடுவதில்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனையே கிடையாது.

ரஜாய்கள் என்னும் பஞ்சுப் போர்வைகள் மொட்டைமாடியில் காய்கின்றன.