பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

"பிரேக் பிடிக்கவே இல்லை, கட்டையை மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லித்தான் பலரும் சைக்கிளைக் கடையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கழற்றிப் பார்த்தால் கட்டையில் பாதி ரப்பருக்கு மேல் மிச்சம் இருக்கும். தேய்ந்தது ரப்பர் இல்லை, அதன் முகம்தான் அழுக்கேறி இறுகிப்போயிருக்கும்.

அந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும். அலுமினிய ரிம் உள்ள வண்டியாக இருந்தால், அங்கங்கே வெள்ளி நிறப் பொடிகள் புதைந்து மின்னும். ரிம்மிலிருந்து உரிந்த துகள்கள் அவை. அப்படியே விட்டால் அவையே ரிம்மைச் சுரண்டும். பிரேக் பிடிக்கும்போது 'கரகர'வென்று கேட்பது அதனால்தான். ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டும். பிறகு 120 நம்பர் உப்புத்தாளைத் தரையில் விரித்து, பளபளப்பு போய் முகம் மங்கிய கறுப்பாகும்வரை கட்டையைத் தேய்த்தால் போதும். கட்டையில் உள்ள வரிப்பள்ளங்கள் மறைந்திருந்தால் மட்டும் புதிது போடுங்கள்.

ரிம்மை மண்ணெண்ணெயில் துடைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். கழுவி, நன்றாகக் காய விடுங்கள். முலாம் பூசிய ஸ்டீல் ரிம்மில் உப்புத்தாள் வைக்கக் கூடாது. முலாம் போனால் துரு ஏறும்.

செயினுக்கு எண்ணெய் விடும்போதுதான் பாதிக் கெடுதல் நடக்கிறது. கணுவுக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஸ்ப்ரே அடித்தால் பின் ரிம்மிலும் படும். டிஸ்க் பிரேக் வண்டியில் இது இன்னும் மோசம்: எண்ணெய் குடித்த பிரேக் பேடை (டிஸ்க் தகட்டைக் கவ்வும் கட்டையை)க் காப்பாற்றுவது கடினம், பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். டிஸ்க் தகட்டை விரலால் தொடாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த சுத்தமான துணியால் துடையுங்கள்.

கட்டையைத் திரும்ப மாட்டுவதில் கவனம் வேண்டும். மேலே ஏறி டயரில் உரசினால் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். கீழே இறங்கினால் ரிம்மை விட்டு நழுவிக் கம்பிகளுக்குள் போகும். ரிம்முக்கும் கட்டைக்கும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு தடித்த அட்டையைச் செருகி முடுக்கினால் முன்முனை முதலில் தொடும், கீச்சொலி அடங்கும். ரப்பரை மட்டும் உருவி மாற்றும் வகையில், ரப்பரைப் பிடித்திருக்கும் உறையின் திறந்த பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் அடித்ததும் ரப்பர் வெளியே வழுக்கி ஓடிவிடும். இந்த ஒரு தவறை நாங்கள் எத்தனை வண்டியில் பார்த்தாலும் மனசு பதறும்.

பிரேக் கேபிள் பெரும்பாலும் கைப்பிடியில் உள்ள பிரேக் லிவருக்குள்தான் அறும். லிவரை அழுத்தி உள்ளே பாருங்கள். ஒரு இழை பிய்ந்திருந்தாலும் அன்றைக்கே மாற்றுங்கள்.

கடைசியாக, முன் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளுங்கள். முன்சக்கரம் உருளாமல் பின்சக்கரம் எழும்ப வேண்டும். பின் பிரேக்கையும் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் வண்டியைத் தெருவில் இறக்கலாம்.